தாய்மரம் 41

மேல் பிரிவு லயம்,
கலவானை.
06.08.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகளும் நலம். லியோன் கொழும்பில் பேக்கரி அடுப்போடு நலம். மாதம் ஒருமுறை சட்டையெல்லாம் மாவாக வந்து போகிறார். உன் முதுகுவலி எப்படி? மதரின் இருமல் நின்றதா? இந்தக் கடிதத்தையும் அவர்தானே முதலில் படிப்பார், அவருக்கும் என் வணக்கம்.

ஒரு செய்தி. என்னை விதைக் குழுவின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கூட்டத்துக்குப் பேனா கொண்டுபோனவள் நான் ஒருத்திதான், அதுதான் தகுதி. வெள்ளையம்மா தலைவி. அவருக்குக் குரல் இருக்கிறது, எனக்குக் கையெழுத்து இருக்கிறது.

மதருக்கும் புரியட்டும் என்று விளக்கமாக எழுதுகிறேன். கலவானையைச் சுற்றி ஏழு குழுக்கள் சேர்ந்ததுதான் எங்கள் வலையமைப்பு. நான்கு சிங்களக் கிராமங்களில், மூன்று தேயிலைத் தோட்டங்களில். காட்டோரத்து நாட்டு மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்றாக்கி, மொட்டையாகிப்போன மலைகளில் நடக் கொடுக்கிறோம். வெளிநாட்டு நிதியம் ஒன்று பணம் தருகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கிடையாது. அப்படித் தந்தால் மரத்தையே உலுக்கி எடுத்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பருவத்துக்கு ஒரு தொகை வரும். ஒரு பங்கு எங்கள் படிக்கு, ஒரு பங்கு நாற்றுமேடைக்கு, ஒரு பங்கு பொது நிதிக்கு. பொது நிதியைத் தொட ஏழு குழுவில் ஐந்து குழு கையெழுத்துப் போடவேண்டும்.

ஒவ்வொருத்திக்கும் ஐந்து தாய்மரம். மரத்தில் எண் போட்ட தகடு உண்டு. அடியில் விழுந்ததில் ஐந்தில் ஒரு பங்கை எடுக்கலாம், மிச்சம் காட்டுக்கு. பையில் ஒரு சீட்டு வைக்கவேண்டும்: எந்த மரம், எந்த நாள், எடுத்தது யார் என்று. அதில் கடைசிக் கையெழுத்து என்னுடையது.

குழுவில் இருப்பவர்கள் காட்டுக் காவலும் பார்ப்பதால், அவர்களுக்கு லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, உண்டு என்று தோட்டத்துப் பெரிய தொரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடதாசியை நம்பித்தான் கொழுந்து வேலையை விட்டேன். அப்பாவின் காம்பரா இப்போது என் குழுப் பேரில் நிற்கிறது.

இந்த வாரம் ஹல் மரத்து விதை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பத்து நாள் வைத்தால் செத்துப்போகும், அதனால் ஓட்டம்தான். எங்களில் ஒருத்திக்குக் கால் சரியில்லை. மேட்டில் இருக்கிற அவளுடைய மரங்களுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. எங்கள் பைகளிலிருந்தே அள்ளி அவளுக்குப் பேர் போட்டுவிட்டோம். மதருக்கு: தோட்டத்தில் ஒரு நாள் முழுச் சம்பளத்தைத்தான் 'பேர்' என்போம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பிள்ளைத்தாய்ச்சியோ நோயாளியோ கூட இருந்தால், தராசுக்குப் போகும்முன் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் கூடையில் போடுவோம். அவளுக்கும் பேர் விழும். இதைக் கங்காணிகூடக் கண்டுகொள்ளமாட்டார்.

மகள் உன் புகைப்படத்துக்குத் தினமும் குட்மோர்னிங் சொல்கிறாள்.

அன்புத் தங்கை,
ரோஷானி

*

மடத்திலிருந்து,
03.09.2023

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் உன் காம்பராவில் தங்கட்டும். முதுகு பரவாயில்லை. மதரின் இருமலும் நின்றது. உன் விளக்கங்களைப் படித்துவிட்டு, "உங்கள் தங்கை என்னைப் பள்ளிப் பிள்ளை ஆக்கிவிட்டாள்" என்று சிரித்தார்.

செயலாளருக்கு வாழ்த்து. சின்ன வயதில் என் கொப்பியில் கிறுக்கி அடி வாங்கிய கைதான் இப்போது சீட்டுகளில் கையெழுத்துப் போடுகிறது. எதில் போடுகிறாய் என்று பார்த்துப் போடு. அக்காக்காரி என்றால் இப்படி ஒன்றாவது சொல்லவேண்டும்.

இங்கே தோட்டத்தில் பாகற்காய் காய்த்திருக்கிறது. நற்கருணை அப்பம் சுடும் இயந்திரம் பழுது, கையால் வெட்டுகிறோம். மாதம் ஒரு கடிதம்தான் என்பதால் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்: லியோன் குடிப்பதை விட்டாரா? மகளுக்குப் பல் விழுந்ததா? மரியம்மா எப்படி இருக்கிறாள்? அவளைப் பற்றி நீ எழுதவேயில்லை. அவள் புருஷன் போனபிறகு என் வயதுக்காரி ஒருத்தி அங்கே தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு செபத்தில் அடிக்கடி வருகிறது.

ஆசீருடன்,
அக்கா

*

மேல் பிரிவு லயம்,
15.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நாங்கள் நலம்தான். மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. லியோன் விட்டுவிட்டதாகச் சொல்கிறார்.

போன செவ்வாய் நிதியத்து ஆட்கள் வந்தார்கள். வலையமைப்பின் இணைப்பாளர் நுஸ்கா மிஸ்தான் கூட்டிவந்தார். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுகிற பெண். தாய்மரங்களைப் பார்க்கவேண்டும் என்றார்கள். காட்டுங்கள் என்று வெள்ளையம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். 38, 39, 40 எல்லாம் ஜோராக நின்றன. 41 நிற்கவில்லை. வேர் வானத்தைப் பார்க்க, மலைச்சரிவோடு கீழே கிடந்தது. தகடு அப்படியே இருந்தது. மேலே பாசி பிடித்திருந்தது.

ஜூன் மழையில் விழுந்த மரம். ஓகஸ்ட் நான்காம் திகதி அந்த மரத்தின் விதை என்று ஒரு பை எங்கள் குழுவிலிருந்து போயிருக்கிறது. அதில் என் கையெழுத்து.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நுஸ்கா மிஸ் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரோஷானி, இது சின்ன விசயம் இல்ல. ஒரே தாயோட பிள்ளைங்கள வேற வேற தாயோடதுனு சொல்லி நட்டிருக்கோம். அந்தக் காடு நோஞ்சானாத்தான் வளரும். நாலு கிராமத்துல நட்டாச்சு, பிடுங்கவும் ஏலாது," என்றார். நாங்கள் ஒருத்தியின் கூடையை நிரப்பினோம், அவ்வளவுதான் என்றேன். "கொழுந்துக்குத் தாய் யாருனு யாரும் கேக்கறதில்ல. விதைக்குக் கேப்பாங்க," என்றார். அது உறைத்தது.

வலையமைப்பின் சட்டப் புத்தகமான யாப்பில் பதினாலாம் விதி இருக்கிறது. பொய்ச் சீட்டு பிடிபட்டால், பொறுப்பானவர் யார் என்று குழுவே ஒரு பேரைக் கொடுத்து அவரை நீக்கவேண்டும். கொடுக்காவிட்டால் குழு முழுக்க இரண்டு பருவத்துக்கு நிறுத்தம். நிறுத்தம் என்றால் இருபத்திரண்டு பெண்களின் படியும் போகும், தொரை கொடுத்த கடதாசியும் செல்லாது.

எங்களுக்காகச் செபி. பிறகு எழுதுகிறேன்.

ரோஷானி

*

மடத்திலிருந்து,
05.11.2023

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். மதரும் படித்தார். குழுவுக்காக இரவு செபத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஏன், எதற்கு என்று சகோதரிகளிடம் சொல்லவில்லை.

நீ எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நாற்பத்தொன்று யாருடைய மரம்? கால் சரியில்லாத அந்த ஒருத்தி யார்?

மரியம்மாவைப் பற்றிப் போன கடிதத்திலும் கேட்டேன். பாகற்காயைப் பற்றிக்கூடப் பதில் எழுதுகிறவள் நீ.

டிசம்பர் மூன்றிலிருந்து திருவருகைக் காலம். கிறிஸ்மஸ் முடியும்வரை நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, பெறுவதுமில்லை. சொல்ல இருப்பதை அதற்குள் சொல்லிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

ஆசீருடன்,
அக்கா

*

மேல் பிரிவு லயம்,
28.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இது டிசம்பருக்கு முன் வந்து சேரவேண்டும் என்று தபால்காரர் றிப்தியின் கையிலேயே கொடுக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் ஓயவில்லை.

கலவானையில் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனோம். ஏழு குழுவுக்கு ஏழு ஓட்டு. கிராமத்துக்கு நான்கு, எங்களுக்கு மூன்று. கணக்கு நீயே போட்டுக்கொள். கூட்டம் சிங்களத்தில் நடக்கும், அறிக்கையும் சிங்களத்தில். பேசுவது எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்து வந்தால்தான் பாதிப்பேர் கூரையைப் பார்ப்பார்கள். கிராமத்துக் குழுத் தலைவர் ஒருவர், நல்ல மனுஷர்தான், எழுந்து சொன்னார்: "நாங்க இந்தத் தோட்டத்து அக்காமார நம்பினோம். நிதியம் எங்க பணத்தையும் சேத்துத்தான் நிறுத்தி வெச்சிருக்கு." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டிசம்பர் பதினைந்துக்குள் பேர் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஒரு கை எழவில்லை, என் கையும் எழவில்லை.

நான் விலகிக்கொள்கிறேன் என்று கடிதம் நீட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும்போது பதவியில் இருப்பவர் விலகமுடியாது என்று யாப்பில் இருக்கிறதாம். போன வருடம் அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவள் நான்தான். சரி, குழுவாகவே வலையமைப்பை விட்டுப் போகிறோம் என்றார் வெள்ளையம்மா. காட்டோரம் நுழைகிற அனுமதி வலையமைப்பின் பேரில் இருக்கிறது. அதை விட்டால் காவல் வேலை இல்லை. காவல் வேலை இல்லையென்றால் காம்பரா இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கடதாசி நிற்கிறது, அதில் பாதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நான் போனால் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? லியோன் கொழும்பில் படுப்பது பேக்கரி மாவு மூட்டைமேல்.

மரியக்கா சுகமாக இருக்கிறார்.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள் உனக்கும் மதருக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும்.

ரோஷானி

*

மடத்திலிருந்து,
07.01.2024

அன்புத் தங்கைக்கு,

புது வருட ஆசீர் உனக்கும் லியோனுக்கும் மகளுக்கும். கிறிஸ்மஸ் முடிந்ததும் தபால் கட்டை அவிழ்த்தோம். உன் நவம்பர்க் கடிதம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இருபத்துமூன்று வருடமாக ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மரியம்மா ஒரு அட்டை அனுப்புவாள். கடையில் விற்கிறதிலேயே அதிகம் மினுங்குகிறது எதுவோ அது. இந்த வருடம் வரவில்லை.

"மரியக்கா சுகமாக இருக்கிறார்." மூன்று சொல். நீ எதையும் மூன்று சொல்லில் முடிப்பவள் இல்லை. டிசம்பர் பதினைந்து தாண்டிவிட்டது. யார் பேரைக் கொடுத்தீர்கள்?

கோபத்தில் கேட்கவில்லை. தெரியாமல் செபிக்க எனக்கு முடியவில்லை.

அக்கா

*

மேல் பிரிவு லயம்,
04.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நிதியம் பணத்தை விடுவித்துவிட்டது. ஏழு குழுவுக்கும் படி வந்தது. மகளுக்குச் சப்பாத்து வாங்கினேன். இதுவரைக்கும் நல்ல செய்தி.

மதர் படிக்கட்டும். எனக்கு இப்போது யார் படித்தாலும் ஒன்றுதான்.

கால் சரியில்லாதவர் மரியக்காதான். முழங்காலுக்குக் கீழே புண், ஆறவே மாட்டேன் என்கிறது. ஹல் விதை கொட்டிய அந்த வாரம் அவர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாங்கள் பேர் போட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. மரங்களின் எண்ணைப் பதிவேட்டிலிருந்து பார்த்துச் சீட்டில் எழுதியது நான். மேட்டில் ஏறிப் பார்க்காமல் எழுதினேன். படி கைக்கு வந்ததும், "யாருடி இது, படுத்துக் கிடந்தவளுக்குப் பேர் போட்டது?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

டிசம்பரில், மரியக்கா வரமுடியாத ஒரு நாள், கைப்பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் கூட்டம் கூடினோம். யார் பேர் என்று வெள்ளையம்மா கேட்டார். சீட்டெல்லாம் என் கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவேண்டும் என்று காத்திருந்தார்கள். நானும் யாராவது வாயைத் திறக்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு குரல்: "மரியம்மாவுக்கு இனி எப்படியும் மேட்டுல ஏற ஏலாதே." யார் குரல் என்று எழுதமாட்டேன். அதை நான் மறுக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

பொறுப்பானவரின் வாக்குமூலம் வேண்டும், அதுவும் சிங்களத்தில். நானே எழுதினேன். "என் மரங்களுக்குப் போகாமல் போனதாகப் பொய் சொல்லி விதை கொடுத்தேன். என் பேரை நீக்க ஒப்புக்கொள்கிறேன்" என்று இரண்டு பக்கம். கடைசியில் வழக்கமான வரி: "மேற்கூறியவற்றை வாசித்து விளங்கிக்கொண்டு ஒப்பமிடுகிறேன்." அதைக் கொண்டுபோய் அவரிடம், அடுத்த பருவத்துப் படி எடுக்கிற ஃபாரம் என்று சொன்னேன். "நீயே வாசிச்சுச் சொல்லு புள்ள," என்றார். இல்லாததை வாசித்தேன் அக்கா. படி, திகதி, வங்கிக் கிளை என்று வாய்க்கு வந்ததை ஒப்பித்தேன். கடதாசியை வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். முத்திரையைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு தமிழில் 'மரியம்மா' என்று போட்டுக் கொடுத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன்.

மே மாத முடிவில் காம்பராவைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்கு அவர் வராத நேரம் பார்த்துப் போகிறேன்.

என்னை மன்னி என்று கேட்க இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

ரோஷானி

*

மடத்திலிருந்து,
10.03.2024

ரோஷானி,

தவக்காலம் இது. கடிதம் எழுதக்கூடாது. மதர் ஒரு பக்கத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லை. நானும் மரியம்மாவும் எட்டாம் வகுப்புவரை கிராமத்துச் சிங்களப் பள்ளியில்தான் படித்தோம். அவள் கீழ்ப் பிரிவிலிருந்து வருவாள். நீ அப்போது பிறக்கவேயில்லை. உனக்குச் சிங்கள எழுத்துச் சொல்லித் தந்தது நான். எனக்குப் பரீட்சையில் பார்த்து எழுதக் கொடுத்தது அவள். வாசிப்புப் போட்டியில் கிண்ணம் வாங்கிய ஒரே தோட்டத்துப் பிள்ளை மரியம்மா. கலியாணமாகி மேல் பிரிவுக்கு வந்தபிறகு அதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள்.

அவள் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இன்னொன்று. இதை மதர் இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறார். எங்கள் கோயில் பங்கிலிருந்து அந்த வருடம் ஒருத்தியைத்தான் மடத்தில் எடுப்போம் என்றார்கள். கேட்டிருந்தது இரண்டு பேர். வரச்சொன்ன நாளில் மரியம்மா காய்ச்சல் என்று வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் இல்லை. காலையில் பீலிக்கரையில் துணி அடித்துக்கொண்டு இருந்தாள். நான் பார்த்தேன், பார்க்காததுபோல லொறியில் ஏறினேன்.

என்ன செய் என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா

*

மடத்திலிருந்து,
07.04.2024

அன்புத் தங்கைக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்து. நீ பதில் எழுதவில்லை. எழுதாமல் இருப்பாய் என்று தெரியும்.

மதர் ஒன்று கேட்கச் சொன்னார். அப்பம் சுடும் அறையில் வெட்டுகிற மேசைக்கு வெளியாள் ஒருவர் வேண்டும். உட்கார்ந்த வேலை. மடத்து வாசலோடு ஒட்டி ஒரு அறை உண்டு. காலுக்கு மருந்துபோட வாரம் இருமுறை தாதி வருவார். மரியம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது. அவள் வெளிக்கட்டில் இருப்பாள், நான் உள்கட்டில். மாதம் ஒருமுறை கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசலாம். இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதான் என்னால் கேட்டு வாங்க முடிந்தது.

உன் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

அக்கா

*

மேல் பிரிவு லயம்,
05.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் மதரும் சுகமாக இருக்கவேண்டும். இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைப் படித்தபின் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது, அதற்கும் வெட்கமாக இருந்தது.

மரியக்காவிடம் போனேன். காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பீன்ஸ் நாருரித்துக்கொண்டிருந்தார். "வாசிச்சீங்களா?" என்று கேட்டேன். எதை என்றுகூட அவர் கேட்கவில்லை.

"ரெண்டாம் பக்கத்துல என் வயச அம்பதுனு போட்டிருந்த. எனக்கு நாப்பத்தாறு. சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ வேர்த்து ஊத்திக்கிட்டு நின்ன, பாவமா இருந்துச்சு."

"ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்க எல்லாம் எனக்குப் பேர் போட்டீங்க. கேட்டா போட்டீங்க? நானும் கேக்காமப் போட்டேன். உனக்குப் புள்ள இருக்கு."

அழுதேன். "அழுதா பீன்ஸ் உரிக்க ஆகாது, அந்தப் பக்கத்த எடு," என்று பாதியை என் மடியில் தள்ளினார்.

போன ஞாயிறு பொதுக் கூட்டம். நுஸ்கா மிஸ்ஸும் வந்திருந்தார். மரியக்காவுக்கு இப்போது ஓட்டு இல்லை என்பதால் பிள்ளைக் காம்பரா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து அந்த வாக்குமூலத்தை வரிக்கு வரி தமிழில் வாசித்தேன். இதை எழுதியது நான், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியது நான், அவர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள் என்றேன். பலருக்கு அந்த எழுத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

வெள்ளையம்மா நுஸ்கா மிஸ்ஸிடம் கேட்டார்: "இப்ப மாத்தினா என்னவாகும் மிஸ்?"

நுஸ்கா மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கோப்பு நிதியத்துக்குப் போயாச்சு அக்கா. திரும்பத் திறந்தா, பொய்ச் சீட்டுக்கு மேல பொய் வாக்குமூலம். பேர் குடுத்தாலும் நிறுத்தம்தான். ரெண்டு பருவம், எல்லாருக்கும்."

எல்லாருக்கும் என்றால் இருபத்தொரு காம்பரா.

"சரி. ரோஷானி சொன்னத கூட்டறிக்கையில எழுதணும்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றார் வெள்ளையம்மா.

நான் தூக்கினேன். சுற்றிப் பார்த்தேன். வேறு ஒரு கையும் இல்லை. பக்கத்திலிருந்த விஜயகலா என் சேலை நுனியைப் பிடித்து, "இறக்கு அக்கா, எம்புள்ள ஓலெவல் பரீட்சை எழுதுது," என்றாள். அதட்டவில்லை, கெஞ்சினாள். அதைத்தான் தாங்கமுடியவில்லை.

நான் இறக்காமல் நின்றேன். அப்போது வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "என் பேர நான் போட்டேன். அத எடுக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா? கைய இறக்கு புள்ள."

இறக்கினேன்.

அதற்குப் பிறகு பதவித் தெரிவு. விசாரணை முடிந்ததால் இப்போது விலகலாம், நான் வேண்டாம் என்றேன். சிங்களம் எழுதத் தெரிந்தவள் வேறு யார் இருக்கிறாள் என்று கேட்டார்கள். இருந்த ஒருத்தியை நீக்கிவிட்டோம். ஏகமனதாக மறுபடியும் நானே.

அன்று மத்தியானமே அறிக்கை எழுதினேன். வரவு இருபத்தொன்று. சென்ற அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது. 41ஆம் எண் தாய்மரம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. பிறகு "ஏனைய விடயங்கள்" என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெள்ளையம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றார். என் கையாலேயே எழுதினேன் அக்கா: "எதுவுமில்லை." கீழே கையெழுத்தும் போட்டேன்.

மதர் சொன்ன வேலைக்கு மரியக்காவுக்குச் சம்மதம், நாளைக்குக் காலை பஸ்ஸில் உங்களிடம் வருகிறார். புண்ணுக்கு மருந்துச் சீட்டு பையில் இருக்கிறது. பச்சைமிளகாய் அதிகம் சாப்பிடவிடாதே. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியாது. நான் பேச முயன்றது இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. இந்தத் தடவை நான் வாசித்துச் சொல்லவும் இல்லை.

மதருக்கு வணக்கம். மகள் பெரியம்மாவுக்கு முத்தம் தருகிறாள்.

ரோஷானி

மேற்கூறியவற்றை வாசித்து விளங்கிக்கொண்டேன்.
மரியம்மா (வயது 46)